ரோமிங்: அலைதல் அல்ல, அயல்வலை

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் போன் திடீரென்று ‘ஆர்’ என்று காட்டும். கேரளத்துக்கு வரவேற்கும் குறுஞ்செய்தியும் வரும். போன் ஓரடிகூட நகரவில்லை; ஆனாலும் அது ரோமிங்கில் இருக்கிறது. இந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடுகிறவர்கள் இந்தத் திண்ணையிலிருந்து தொடங்க வேண்டும்.

‘ரோம்’ என்ற ஆங்கில வினைக்கு இலக்கின்றிச் சுற்றித் திரிதல் என்று பொருள். ரோம் நகருக்கு யாத்திரை போனவர்களால் வந்த சொல் என்ற கதைக்கு உறுதியான சான்று இல்லை. அந்த வினையை அப்படியே பெயர்த்து ‘அலைதல்’, ‘உலாவல்’ என்கிறார்கள். உலாவி என்பது பிரவுசருக்கு நிலைத்துவிட்டது. அதைவிடப் பெரிய குறை, இரண்டு சொற்களுமே ஆள் நகர்வதைச் சொல்கின்றன. ரோமிங்கின் சாரம் நகர்வு அன்று. சிம் எந்த வலைக்கு (நெட்வொர்க்குக்கு) உரியதோ அதை விட்டு வேறொரு வலை சேவை தருவதே. ஆகவே ‘அயல்வலைச் சேவை’ என்பதே பொருந்தும். சிம்முக்கு உரிய வலை ‘தாய்வலை’. டேட்டா ரோமிங் ‘அயல்வலைத் தரவு’.

இந்தியாவில் உரிமமும் அலைக்கற்றையும் 22 வட்டங்களாக, அதாவது சேவைப் பகுதிகளாகப், பிரித்துத் தரப்படுகின்றன. ஒரே நிறுவனமானாலும் வட்டத்துக்கு வட்டம் வலை எண் வேறு: ஏர்டெல்லுக்குத் தமிழ்நாட்டில் 404-94, கேரளத்தில் 404-95. அதனால் தமிழ்நாட்டு சிம்முக்குக் கேரள டவர் அயல்வலையே. போன் அயல்வலையைத் தொட்டதும், அந்த வலை தாய்வலையின் பதிவேட்டைக் கேட்டு, சிம் உண்மையானதா என்று சரிபார்த்த பிறகே சேவை தரும்.

பிடித்த அயல்வலையை போன் எளிதில் விடாது. தாய்வலை கிடைக்கிறதா என்று அது மீண்டும் தேடும் இடைவெளி சிம்மில் எழுதப்பட்டிருக்கும். 6 நிமிடத்தின் மடங்காக 8 மணி நேரம் வரை இருக்கலாம். எதுவும் எழுதாவிட்டால் 60 நிமிடம். வாளையாறு தாண்டிக் கோவைப் பக்கம் வந்த பிறகும் சில போன்கள் கேரள டவரையே பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்பு இதற்குப் பணமும் போயிற்று. ரோமிங்கில் வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 75 காசு வரை வாங்கலாம் என்றிருந்த உச்சவரம்பைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015 மே மாதம் 45 காசாகக் குறைத்தது. தன் வீட்டில் உட்கார்ந்து பேசியவர் இதைக் கட்டியது அநியாயம்தான். ஏர்டெல் 2017 ஏப்ரல் 1 முதல் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தை எடுத்தது.

வருமானம் போனாலும் நிறுவனங்களுக்குச் செலவு போகவில்லை. எல்லை டவரின் கொள்ளளவில் ஒரு பங்கை அடுத்த வட்டத்துச் சந்தாதாரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சிக்னல் எல்லை தாண்டாமலிருக்க ஆன்டெனாவைக் கீழே சாய்த்தால், புளியரை போன்ற மலையடிவாரத்தில் சொந்த ஊருக்கே சிக்னல் குறையும். பேச்சு அறாமல் ஒரு டவரிலிருந்து அடுத்ததற்கு மாற்றும் கைமாற்றத்தை இரு வட்டங்களுக்கிடையே அமைக்காத இடத்தில் பேச்சு பாதியில் அறுந்துபோகும்.

சிக்னல் முழுதாக இருந்தும் நெட் வரவில்லையா? செட்டிங்ஸில் டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்நாட்டில் அதை இயக்கினால் இன்றைய திட்டங்களில் பொதுவாகத் தனிக் கட்டணம் இல்லை. வெளிநாடு போகும்முன் மறக்காமல் அணைக்க வேண்டும். நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுத்துத் தாய்வலைக்குத் திரும்பலாம். ஆனால் அப்படியே விட்டால் அந்த வலை இல்லாத இடத்தில் போன் சேவையின்றி நிற்கும். ஆகவே பிறகு தானியங்கித் தேர்வுக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று: அயல்வலையிலிருந்து அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்தால் அடுத்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறை எடுக்கக்கூடும். ஊரோடு மாவட்டத்தையும் மாநிலத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.