அடுக்கு: மடிக்காத தார்ப்பாய்க்கு ஏன் ஒன்று?

அடுக்கு: ஒன்றில் தொடங்கி, ஓர் எண்ணால் எத்தனை முறை பெருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் எண். 2³ என்பதில் 2 அடிமானம், தோளில் சிறிதாக நிற்கும் 3 அடுக்கு. ஆங்கிலத்தார் சொல்லும் எக்ஸ்போனென்ட், ‘வெளியே எடுத்து வை’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. ஜெர்மானியக் கணித அறிஞர் மைக்கேல் ஸ்டீஃபெல் 1544இல் அதைக் கணக்கில் புழங்கினார். தோளில் எழுதும் வழக்கத்தை நிலைநிறுத்தியது 1637இல் வந்த பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட்டின் நூல்.

தமிழ்ச் சொல் நல்ல சொல்தான். ஆனால் பிள்ளைகள் இடறுவதும் அதில்தான். வாலிநோக்கத்தில் உப்புக் குவியலையும் பாம்பன் கரையில் கருவாட்டையும் மழைக்கு மூடும் தார்ப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை மடித்தால் எட்டு அடுக்கு என்போம். கணக்கிலோ அடுக்கு 3, விடை 8. வீட்டுப் பேச்சில் ‘அடுக்கு’ என்பது விடை. பாடத்தில் அது மடித்த தடவை. இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் 2³ = 6 என்ற விடைதான் வரும். மடித்தலிலிருந்தே ‘மடங்கு’ வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு மடிப்பும் இரு மடங்கு.

இனி பூச்சியம். ‘பூஜ்ய’ என்ற வடசொல்லின் வழி வந்தது, வணக்கத்துக்குரியது என்றும் பொருள். தமிழில் சுழி. பெரியவர்கள் சொல்லும் சைபர், வெறுமையைக் குறிக்கும் ‘சிஃப்ர்’ என்ற அரபுச் சொல் ஐரோப்பா போய்த் திரும்பியது. பழந்தமிழ் எண்முறைக்குச் சுழி தேவைப்படவில்லை: 205 ஐ ௨௱௫ என்று எழுதினார்கள்.

2⁰ ஐக் கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்று கை விரிப்பார்கள். தார்ப்பாயை மடிக்கவே இல்லை. அதனால் பாய் காணாமல் போய்விடுமா? ஒரு படலம் கிடக்கிறது. 2⁰ = 1. சுழி பாயைக் குறிக்கவில்லை, மடிப்பைக் குறிக்கிறது.

16 அடிக்கு 16 அடிப் பாயின் பரப்பு 256 சதுர அடி. மூன்று மடிப்புக்குப் பின் தரையில் பிடிக்கும் இடம் 32 சதுர அடி, அதாவது எட்டில் ஒரு பங்கு. மூன்று முறை 2 ஆல் வகுத்ததை, அடுக்கில் கழித்தல் குறியிட்டு 2⁻³ என்று எழுதுவோம். தடிப்பு 2³ மடங்கு, இடம் 2⁻³ மடங்கு. பெருக்கினால் 2⁰, பழைய 256 அப்படியே.

அடிமானமே சுழியானால் இந்த வழி செல்லாது. 2³ இலிருந்து 2⁰ வரை 8, 4, 2, 1 என்று இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் 2 ஆல் வகுக்கிறோம். 0² இலிருந்து 0¹, 0⁰ என்று இறங்க 0 ஆல் வகுக்க வேண்டும், அது முடியாது. ஆகவே பள்ளிக் கணக்கில் 0⁰ க்கு மதிப்பு வைப்பதில்லை.