தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கனூ என்ற துடுப்புப் படகில் கூடாரத்தையும் அரிசிப் பையையும் ஏற்றிக்கொண்டு இரண்டு மூன்று நாள் ஆற்றோடு போகலாம் என்று வருபவர்கள், போனில் ஒரு படத்தைக் காட்டி "இந்த ஆறு எப்படி?" என்று கேட்பார்கள். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் படகு வழிகாட்டியாக இருக்கும் என்னிடம் காட்டினால் அது பெரும்பாலும் பஃபலோ ஆறுதான். நெட்டுக்குத்தாகப் பாறைச் சுவர், அடியில் பச்சைத் தண்ணீர். "எந்த மாதம்?" என்பேன். "ஆகஸ்ட். பிள்ளைகளுக்கு லீவு." சரி, அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

பஃபலோ வானம் பார்த்த ஆறு. 1972இல் அமெரிக்காவின் முதல் தேசிய ஆறானது, அணை கிடையாது. படத்தில் மயக்கும் பாங்கா பகுதியில் வசந்தகால மழைக்குத்தான் படகு ஓடும். ஆகஸ்டில் போனால் படகு உங்களைச் சுமக்காது, நீங்கள்தான் அதைச் சுமப்பீர்கள். பாங்காவில் ஒரு தரைப்பாலம் இருக்கிறது. அதற்கும் தண்ணீருக்கும் நடுவே எத்தனை அங்குல இடைவெளி என்பதே அங்குள்ளவர்களின் அளவுகோல். இடைவெளியே தெரியவில்லையா, வண்டியைத் திருப்புங்கள்.

கோடையை விட்டால் வழியில்லை என்பவர்களை பக்கத்து மாநிலமான மிசூரியின் கரன்ட் ஆற்றுக்கு அனுப்புவேன். அது ஊற்றுகளால் ஓடுவது. பிக் ஸ்பிரிங் என்ற ஒரே ஊற்று சராசரியாக நாளுக்குச் சுமார் 100 கோடி லிட்டர் கொட்டுகிறது. ஊற்று நீர் 14 டிகிரிதான். வெளியே வெயில் கொளுத்தினாலும் ஊற்று வாயருகே கவிழ்ந்தால் மூச்சு அடைக்கும், அதனால் லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். ஊற்று ஆறு என்பதற்காக மழைக்கணக்கை மறக்கவும் கூடாது. 2017 ஏப்ரல் கடைசியில் இதே ஆறு வான் பியூரன் ஊரில் 37 அடிக்கு ஏறியது.

அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை இந்த ஆறுகளின் நீர்மட்டத்தை இணையத்தில் அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், வரைபடத்தில் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். ஏறுகிற ஆற்றில் நான் ஆட்களை இறக்குவதில்லை. காசைத் திருப்பிக் கேட்பார்கள்தான், கொடுத்துவிடுவேன்.

அப்புறம் இரவுத் தங்கல். ஆற்றோரக் கூழாங்கல் திட்டு சமமாக, கொசு குறைவாக இருக்கும். எல்லோருக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் 2010 ஜூன் 11 விடியுமுன், ஆர்கன்சாவின் ஆல்பர்ட் பைக் முகாமிடத்தில் லிட்டில் மிசூரி ஆறு சில மணி நேரத்துக்குள் 20 அடிக்கு மேல் பொங்கியதில் 20 பேர் இறந்தார்கள். திட்டில் தங்குவதானால் மேலே மேட்டுக்கு ஏறும் வழியை வெளிச்சம் இருக்கும்போதே நடந்து பார்த்துவிட வேண்டும்.

படுக்குமுன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைப்பது என் பழக்கம். ஒரு மே மாத இரவு எழுந்து பார்த்தால் குச்சியைக் காணோம். எங்கள் தலைக்கு மேல் நட்சத்திரங்கள்; மழையெல்லாம் மேலே, மலைப்பக்கம். கூட வந்த ஆறு பேரையும் உலுக்கி எழுப்பி, கூடாரங்களை மடிக்காமல் அப்படியே மேட்டுக்கு இழுத்தோம். விடிந்ததும் பார்த்தால் சமையல் பாத்திரம் இரண்டைத்தான் ஆறு கொண்டுபோயிருந்தது.