பழைய ரப்பர் எங்கே போச்சு?

சிங்கப்பூரில் ஒருவன் காருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறேன் என்று சொன்னால், 'எந்த வீட்டில்?' என்றுதான் முதலில் கேட்பார்கள். வீவக எனப்படும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளின் பலமாடிக் கார்நிறுத்தத்தில் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு எண்ணெய் வடிப்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை. எனக்கு இயோ சூ காங் பக்கம் தரைவீட்டில் இருக்கும் மாமா ஒருவர் வாய்த்திருக்கிறார். வீட்டு முன்னால் ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடம், ஜாக்கி, ஸ்டாண்டு, எண்ணெய் பிடிக்க அகலமான தட்டு எல்லாம் அவரிடமே இருக்கின்றன. பட்டறைக்குக் கொடுக்கும் காசில் பாதி மிச்சம் என்பது என் கணக்கு. நடுரோட்டில் நான் கொட்டிய எண்ணெய் அந்தக் கணக்கில் சேரவில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய எண்ணெயை வடித்து, எண்ணெயை வடிகட்டும் ஃபில்டரைக் கழற்றி, புதியதை மாட்டி, நாலு லிட்டர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. இரண்டு நிமிடம் கழித்தும் இல்லை. சரி என்று மத்திய விரைவுச்சாலையைப் பார்த்துக் கிளம்பிவிட்டேன். அதை எட்டுவதற்குள் ஒரு சிக்னலில் மோட்டார்சைக்கிள்காரர் ஒருவர் என் கண்ணாடியைத் தட்டிக் கீழே கையைக் காட்டினார். கண்ணாடியில் பின்னால் பார்த்தால் ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு, அது நேராக என் காருக்கு அடியில் வந்து முடிகிறது. எஞ்சினை அணைத்துவிட்டு மாமாவுக்கு ஃபோன் போட்டேன். முழுசாகச் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை.

"கழட்டின ஃபில்டரைத் திருப்பிப் பாத்தியா? அதுல ரப்பர் இருந்துச்சா?"

ஃபில்டரின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தைத்தான் கேட்டார். பார்க்கவில்லை. அவரே போய்த் தட்டில் கிடந்ததைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து, "இல்லடா, அது எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு நிக்குது, நீ அதுக்கு மேலேயே புதுசைப் போட்டு முறுக்கியிருக்கே" என்றார்.

ஒன்றுக்கு இரண்டு ரப்பர் இருந்தால் இன்னும் நன்றாகத்தானே அடைக்க வேண்டும்? எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

ஃபில்டரின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் நடுவில் புரி வைத்த ஒரு பெரிய துளையும் அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகளும் இருக்கும். பம்ப் தள்ளும் எண்ணெய் சின்னத் துளைகள் வழியாக உள்ளே போய், காகித மடிப்புகளில் அழுக்கை விட்டுவிட்டு, நடுத்துளை வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது. இவை எல்லாவற்றுக்கும் வெளியே ஓரத்தில் ஓடுவதுதான் கேஸ்கட் என்கிற ரப்பர் வளையம். அதாவது பம்பின் முழு அழுத்தமும் வளையத்தின் உட்புறத்தில், வெறும் காற்று வெளிப்புறத்தில். ஓடும் காரில் அந்த அழுத்தம் 3, 4 பார் இருக்கும். வளையத்தின் உள்விட்டம் 55 மில்லிமீட்டர் என்று வையுங்கள், பரப்பு கிட்டத்தட்ட 24 சதுர சென்டிமீட்டர். 4 பார் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4 கிலோ. ஆக உள்ளங்கையில் அடங்கும் அந்த டப்பாவை எஞ்சினிலிருந்து பிடுங்கி எறிய 96 கிலோ சுமை எந்நேரமும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதையெல்லாம் நடுவில் இருக்கும் புரி தாங்கிக்கொள்கிறது, பிரச்சினையில்லை. வளையத்தின் பாடு வேறு. அதன் சுற்றளவு சுமார் 17 சென்டிமீட்டர், தடிப்பு 3 மில்லிமீட்டர் என்றால் உட்சுவரின் பரப்பு 5 சதுர சென்டிமீட்டர், அதைப் பக்கவாட்டில் வெளியே தள்ளுவது 20 கிலோ.

ஒற்றை வளையம் இதற்கு அசையாது, ஏனென்றால் அது ஃபில்டரின் தகட்டில் ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய் தள்ளத் தள்ள, பள்ளத்தின் வெளிச்சுவரில் போய் இன்னும் இறுக்கமாக அழுந்துகிறது. ரப்பரை நசுக்கினால் அதன் கன அளவு குறையாது, ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் பிதுங்கும், அவ்வளவுதான். பள்ளம் இருந்தால் அந்தப் பிதுக்கம் அடைப்பாகிறது. எஞ்சினில் ஒட்டியிருக்கும் பழைய வளையத்துக்குப் பள்ளம் ஏது? மேலே மட்டமான உலோகம், கீழே எண்ணெய் தடவிய வழுவழுப்பான புது ரப்பர். அதைத் தடுத்து நிறுத்துவது வெறும் உராய்வு மட்டும்தான். எஞ்சின் சும்மா ஓடும்போது அழுத்தம் குறைவு, ஆகவே பிடித்துக்கொண்டு நிற்கும், பார்க்கிறவனுக்கும் எல்லாம் சரி என்று தெரியும். ஆக்சிலரேட்டரை மிதித்துச் சுழற்சி ஏறியதும் எங்கோ ஓரிடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே பிதுங்குகிறது. அந்த இடத்தில் இறுக்கம் போய்விடுகிறது, எண்ணெய் அதைப் பிடித்துக்கொண்டு வளையத்தையே வெளியே தள்ளிவிடும். 4 பார் அழுத்தத்தில் ஒரு சந்து வழியாகப் பீய்ச்சும் எண்ணெயின் வேகம், கணக்குப்படி, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். முழுசாகப் பிதுங்கிவிட்டால் நாலு லிட்டரும் அரை நிமிடத்துக்குத் தாங்காது. எனக்குக் கொஞ்சமாகப் பிதுங்கியது, அதனால் சிக்னல் வரைக்கும் வர முடிந்தது.

பழைய ரப்பர் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் இது நைட்ரைல் ரப்பர், எண்ணெயைத் தாங்கும், சூட்டையும் ஓரளவு தாங்கும். ஆனால் 100 டிகிரியை ஒட்டிய எண்ணெயில் மாதக்கணக்காக வெந்துகொண்டிருந்தால் மெல்ல இறுகி, அழுத்திய வடிவத்திலேயே நின்றுவிடும். கூடவே உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. மாட்டும்போது எண்ணெய் தடவாமல் உலர்ந்த ரப்பராகப் போட்டிருந்தால் இன்னும் மோசம், முறுக்கும்போதே வழுக்காமல் இழுபட்டு ஒரு பக்கம் சுருண்டு நிற்கும். அதனால்தான் புது எண்ணெயில் விரலை விட்டு வளையத்தில் ஒரு சுற்றுத் தடவச் சொல்கிறார்கள். நான் முதல் தடவை அதைச் சும்மா ஒரு சடங்கு என்று நினைத்தேன்.

அப்புறம் முறுக்குவது. இங்கேதான் பலம் உள்ளவர்கள் தப்புச் செய்கிறார்கள். பல ஜப்பான் கார்களில் ஃபில்டரின் புரி ஒரு சுற்றுக்கு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் முன்னேறும். ரப்பர் உலோகத்தைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று என்றால் ரப்பரை ஒரு மில்லிமீட்டர் போல அமுக்குகிறோம். பொதுவாக அது போதும், எத்தனை சுற்று என்று ஃபில்டரிலேயே அச்சடித்திருப்பார்கள். ஸ்பேனரைப் போட்டு இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் ரப்பரின் மீளும் தன்மை செத்துப்போகும், அடுத்த முறை எஞ்சினோடு ஒட்டிக்கொள்ளப்போவதும் அந்த ரப்பர்தான். கையால் இறுக்கியது ஓடும்போது கழன்றுவிடாதா என்றால், கழலாது. நசுங்கிய ரப்பர் ஸ்பிரிங் மாதிரி புரியை எந்நேரமும் இழுத்துப் பிடித்தே வைத்திருக்கிறது.

புதிய கார்கள் பலவற்றில் டப்பாவே கிடையாது, பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டர் மட்டும். அங்கே ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் தனியாக வரும். அதைத் தப்பான பள்ளத்தில் மாட்டினாலும் இதே கதைதான்.

ரோட்டில் நின்றபோது என் எண்ணமெல்லாம் ஆயில் விளக்கைப் பற்றித்தான், அது எரியவே இல்லையே என்று. பிறகுதான் தெரிந்தது, பல கார்களில் அழுத்தம் அரை பாருக்கும் கீழே இறங்கினால்தான் அது எரியும். அதாவது அது முன்னெச்சரிக்கை இல்லை, இழவுச் செய்தி. எஞ்சினுக்குள் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் என்ற முக்கிய அச்சைத் தாங்கும் பேரிங்கில் இடைவெளி 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர், நம் தலைமுடியை விட மெல்லியது. ஷாஃப்ட் அதில் உலோகத்தைத் தொடாமல் எண்ணெயில் மிதந்து சுற்றுகிறது. 1883 வாக்கில் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கைச் சோதித்தபோது, மேலே போட்டிருந்த துளை வழியாக எண்ணெய் தானாகப் பொங்கி வந்ததாம். தக்கை வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரமுளை அடித்தார், அதையும் தள்ளிவிட்டது. சுற்றும் அச்சு எண்ணெயைத் தனக்கும் பேரிங்குக்கும் நடுவில் இழுத்து ஆப்பு மாதிரி செருகி, அந்த அழுத்தத்தில் இரண்டும் தொடாமல் விலகி நிற்கின்றன என்பது அப்படித்தான் பிடிபட்டது, மூன்று வருடத்தில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பேராசிரியர் அதற்குக் கணக்கும் போட்டுவிட்டார். சுமையைத் தாங்குவது அந்த ஆப்புதான், நம் ஆயில் பம்ப் அதற்கு எண்ணெய் ஊட்டுகிறது, அவ்வளவே. ஊட்டுவது நின்றால் உலோகமும் உலோகமும் உரசும்.

என் நல்ல நேரம், இழுவை வண்டியில் மாமா வீட்டுக்கே கொண்டுவந்து அளந்தபோது ஒன்றரை லிட்டர் மிச்சமிருந்தது. புது ஃபில்டரைக் கழற்றியதும் மாமா டார்ச்சைப் பிடித்துக்காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கறுப்பு எண்ணெய் படிந்த உலோகத்தில் கறுப்பு ரப்பர். அவர் என் விரலைப் பிடித்து அதன் மேல் ஓட்டிய பிறகுதான் அந்த விளிம்பு நகத்தில் தட்டியது. ஒரு பக்கம் நாக்கு மாதிரி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, மற்ற பக்கத்தைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் புது ஃபில்டரின் பெட்டியைப் பிரிக்கும் முன்பே பழைய வளையத்தை எடுத்து மாமா வீட்டுக் கேட்டுக் கொக்கியில் மாட்டிவிடுகிறேன். அங்கே இதுவரை மூன்று தொங்குகின்றன. ஒன்று மட்டும் வட்டமாக இல்லை.