இழுக்கிற வண்டிக்கு டயர் வாங்கும் முன் எடை மேடைக்குப் போங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் கடைக்கு ஒரு தனி ரகக் கூட்டம் வரும். திருவிழாவுக்கு ஜெனரேட்டர் வண்டியைக் கட்டி இழுக்கிறவர்கள், கான்கிரீட் மிக்ஸரைச் சைட்டு சைட்டாக இழுத்துக்கொண்டு அலைகிறவர்கள். பெரும்பாலும் பொலிரோ, ஸ்கார்பியோ. வந்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, எந்தக் கம்பெனி டயர் போடலாம்?"

"உங்க வண்டியில பின் அச்சு எத்தனை கிலோ சுமக்குது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். மதுரையில் இத்தனை வருஷமாக டயர் கடையும் அலைன்மென்ட் பட்டறையும் நடத்துகிறேன். இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொன்னவர் ஒரே ஒருவர்தான். அவர் முன்பு லாரி ஓட்டியவர்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அலங்காநல்லூர் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் தம்பி ஒருவர். பொலிரோவில் ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு மேலூர்ப் பக்கம் ஒரு திருவிழாவை முடித்துத் திரும்பும்போது, நான்குவழிச் சாலையில் பின் இடது டயர் போய்விட்டது. நல்லவேளை, வேகம் குறைவு. வண்டியை ஓரம் கட்டிவிட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை டயரின் மிச்சத்தைத் தூக்கி வந்து என் முன்னால் போட்டார். "ஒம்பது மாசந்தாண்ணே ஆச்சு. பட்டன் பூரா அப்படியே இருக்கு பாருங்க. மட்டமான டயரு."

பட்டன் (டயரில் ரோட்டைத் தொடுகிற புடைப்பு) இருந்தது உண்மைதான், ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாது. ஆனால் வெடித்த டயரை நான் வெளியே பார்ப்பதில்லை, உள்ளே பார்ப்பேன். கையை விட்டுத் தடவினால் விரலெல்லாம் கரித்தூள் மாதிரி ரப்பர் பொடி. சைடுவாலின், அதாவது டயரின் பக்கச் சுவரின், உள்பக்கம் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம். அந்த இடத்தில் ரப்பர் அரைபட்டு உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தது. கல்லில் மோதிச் சட்டென்று கிழிந்த டயரில் இந்தப் பொடி இருக்காது. காற்றுக் குறைவாக, சுமையோடு, ரொம்ப நாள் ஓடிய டயரில்தான் இருக்கும். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் சைடுவால் மடங்கி மடங்கி நிமிர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைத்த இடம் சுடுமே, அதே மாதிரி ரப்பரும் சூடேறும். மதுரை வெயிலில் ரோடு வேறு கொதிக்கிறது. சூட்டில் ரப்பர் நூலை விட்டுப் பிரிந்ததும் கதை முடிந்தது.

வலது பின் டயரில் காற்றைப் பார்த்தேன். 24 பிஎஸ்ஐ. "என்ன தம்பி இது?" என்றால், "ஸ்பீக்கர் பாக்ஸெல்லாம் ரொம்பக் குலுங்குதுண்ணே, அதான் கொறைச்சு வச்சேன்" என்கிறார்.

சரி, ஒரு வேலை செய்வோம் என்று அடுத்த நாள் வழக்கமாக ஏற்றுகிற கேபிள், பெட்டிகள், ஆட்கள் எல்லாவற்றோடும் ஜெனரேட்டரையும் கட்டிக்கொண்டு எடை மேடைக்குப் போனோம். செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் போகாது. ஆனால் நிறுத்துகிற முறை முக்கியம். முதலில் முன் சக்கரம் மட்டும் மேடையில் ஏறும்படி நிறுத்தி ஒரு சீட்டு. பிறகு பின் சக்கரமும் ஏறி, இழுவை வண்டியின் (பின்னால் கட்டிய ஜெனரேட்டர் வண்டியின்) சக்கரம் மட்டும் மேடைக்கு வெளியே, தரையில் நிற்கும்படி நிறுத்தி இன்னொரு சீட்டு. கொக்கியைக் கழற்றக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பின் அச்சின் சுமை. அதன்பின் ஜெனரேட்டரைக் கழற்றிவிட்டு அதேபோல் மறுபடியும்.

ஜெனரேட்டர் இல்லாமல் முன்னே 920 கிலோ, பின்னே 1,150. மாட்டிய பிறகு முன்னே 870, பின்னே 1,320.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மொத்த எடை கூடியது 120 கிலோதான். அதாவது கொக்கியை அழுத்துகிற எடை அவ்வளவுதான். ஆனால் பின் அச்சில் ஏறியது 170. அந்த 50 கிலோ முன் சக்கரத்திலிருந்து வந்தது. கடப்பாரையால் கல்லை நெம்புகிற மாதிரி, கொக்கி பின் அச்சைத் தாண்டி ஒரு மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதால் பின்பக்கம் அமுங்கும்போது முன்பக்கம் லேசாகிவிடுகிறது. ஸ்டீயரிங் 'மிதக்கிற மாதிரி' இருக்கிறது என்று இழுவைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

இப்போது டயரைப் பார்ப்போம். அவர் போட்டிருந்தது 215/75 ஆர்15, அதற்குப் பின்னால் 100எஸ் என்று எழுதியிருக்கும். எல்லோரும் அகலத்தைச் சொல்லும் 215-ஐப் படிப்பார்கள். கடைசியில் இருக்கும் இந்த 100-ஐ யாரும் படிப்பதில்லை. அது சுமைக் குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900, 109 என்றால் 1,030, 112 என்றால் 1,120 கிலோ. எஸ் என்பது வேகம், 180 கிலோமீட்டர் வரை. இழுவை வண்டியோடு அந்த வேகத்தை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம், எனவே அந்த எழுத்தை விடுங்கள்.

1,320-இல் பாதி 660. டயர் தாங்குவது 800. ஆக டயரில் குறையே இல்லை! ஆனால் அந்த 800 கிலோ, முழுக் காற்று இருக்கும்போதுதான். சாதாரண டயருக்கு 35, 36 பிஎஸ்ஐ. 24-க்கு இறக்கினால் அதே டயரின் தாங்கும் திறன் 600 கிலோ பக்கம் வந்துவிடும். சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்றுதான், ரப்பர் அதை அடைத்து வைக்கிற பைதான். ஒன்பது மாதம் அந்தப் பையை அரைத்துவிட்டுக் கம்பெனியைத் திட்டி என்ன செய்ய?

அவர் வந்தது பெரிய முரட்டு டயர் நான்கு வாங்க. நான் போட்டுக் கொடுத்தது அதே அளவு, அதே 100-இல் இரண்டு. எனக்கு லாபம் கம்மிதான்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: இழுவையோடு பின் அச்சின் எடையில் பாதி எவ்வளவோ, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாகத் தாங்குகிற டயராக இருக்க வேண்டும். ரோட்டின் சரிவு, திருப்பம், ஒரு பக்கமாக ஏற்றிய சாமான் எல்லாம் இருக்கிறதே. வண்டியோடு வந்த குறியீட்டைவிடக் குறைந்ததை, எவ்வளவு சலுகை கொடுத்தாலும், போடாதீர்கள். அதே சமயம், பெரிய குறியீடு போட்டதால் வண்டியின் அச்சு பலமாகிவிடாது. வண்டிக்கு கம்பெனி கொடுத்திருக்கும் எடை வரம்பு அப்படியேதான் இருக்கும்.

கூடுதல் சுமை வேண்டுமென்றால் எக்ஸ்எல் (எக்ஸ்ட்ரா லோடு) என்று போட்ட டயர் அதே அளவில் கிடைக்கும். ஆனால் அதன் முழுத் திறன் 41, 42 பிஎஸ்ஐ-யில்தான் வரும். எல்டி (லைட் டிரக்) வகை டயருக்கு இன்னும் அதிகக் காற்று தேவை. எல்டி வாங்கிவிட்டு, பழைய பழக்கத்தில் 30 அடிக்கச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காசையும் கொடுத்து, குலுக்கலையும் வாங்கி, சாதாரண டயர் தாங்குகிற அளவுகூடத் தாங்காத நிலைமை. உங்கள் வண்டிக்கு எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். அதில் முழுச் சுமைக்கு என்று தனியாக ஓர் எண் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் பார்ப்பதுதான் கணக்கு. மே மாத மதியத்தில் கப்பலூர் டோல்கேட் பக்கம் நின்று பார்த்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். கூடிவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடிக்கலாமா என்றும் கேட்பார்கள். நாம் அடிக்கிற சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடை ஆரம்பித்த புதிதில் ஒருவர் பொலிரோவுக்கு 235/75 ஆர்15 கேட்டார். உயரமாக, பார்க்க நன்றாக இருக்கும். இழுவை வண்டி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, போட்டுக் கொடுத்துவிட்டேன். டயரின் விட்டம் 703 மில்லிமீட்டரிலிருந்து 733 ஆகிறது, நான்கு சதவீதத்துக்கு மேல். அந்த அளவுக்குக் கியர் கனமாகிவிடும். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏற்றத்தில் மிக்ஸரை இழுத்துக்கொண்டு போனவர், முதல் கியரிலேயே கிளட்ச்சை அரைத்துவிட்டுத் திரும்பினார். மீட்டரில் 80 காட்டும்போது நிஜத்தில் 83 போகும் என்பது போக, அதே பிரேக் பெரிய சக்கரத்தைப் பிடித்து நிறுத்தவும் சிரமப்படும். நம் ஊர் ஜெனரேட்டர் வண்டிகளில் பிரேக்கே இருப்பதில்லை. அந்த எடையையும் சேர்த்து நிறுத்துவது உங்கள் நான்கு டயர்கள்தான். இப்போதெல்லாம் இழுக்கிற வண்டிக்கு ஒரிஜினல் அளவைத் தாண்டி நான் எதுவும் போடுவதில்லை. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு.

பட்டன் டிசைன் விஷயத்தில் நீளமாகப் பேச ஒன்றுமில்லை. தார் ரோட்டிலேயே ஓடுகிற இழுக்கிற வண்டிக்கு எச்/டி (நெடுஞ்சாலைக்கான டயர்) போதும். கட்டை கட்டையாக இருக்கும் பட்டன் சுமையில் நெளியும், நெளிந்தால் சூடு, பின்னால் இருக்கும் வண்டியும் வாலாட்டும். சைட்டுக்குள் மண் பாதையில் அடிக்கடி இறங்குகிறவர் ஏ/டி (ரோடு, மண் இரண்டுக்கும் ஆனது) போடலாம். எம்/டி (சேற்றுக்கென்றே வருவது) வேண்டவே வேண்டாம்.

இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதியவை பின்னால் போகட்டும். முன்னால்தான் போட வேண்டும் என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். மழையில் பின்பக்கம் வழுக்கினால், ஜெனரேட்டர் தள்ளிக்கொண்டு வந்து வண்டியையே மடக்கிவிடும். நான்கு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் என்றால் நான்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். தேய்ந்ததும் புதியதும் கலந்தால் சுற்றளவு மாறி கியர் பெட்டிக்கு வேலை வைக்கும்.

அப்புறம் வயசு. சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. வாங்கும்போது நீங்களே குனிந்து படியுங்கள், கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், நான் சொன்னாலும் சரி. சில டயரில் இந்த எண் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், அதனால் மாட்டும் முன்பே பார்ப்பது சுலபம்.

அந்தத் தம்பியின் ஜெனரேட்டர் வண்டியைப் பார்க்கத்தான் கடைசியில் மனசு வந்தது. பழைய ஜீப் டயர், 6.00-16. பட்டன் கால்வாசிகூடத் தேயவில்லை. வருஷம் முழுக்க ஷெட்டில் நின்று, திருவிழாவுக்கு மட்டும் ஓடுகிறதே, தேயாது. ஆனால் சைடுவாலை இழுத்துப் பார்த்தால் குளத்து மண் மாதிரி வெடிப்பு வெடிப்பாக இருந்தது. 2009-இல் செய்த டயர். "இதுவா? இது அப்பா வாங்கிப் போட்டதுண்ணே, கல்லு மாதிரி இருக்கும்" என்றார். கல் மாதிரிதான் இருந்தது, அதுதான் பிரச்சினையே. அதையும் கழற்றிப் போட்டோம். ஸ்டெப்னியைக் கேட்டால் அதுவும் அதே வயசு.

புது டயர் மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி ஒரு முறை முறுக்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். பாலமேட்டில் ஒரு திருவிழா முடிந்து திரும்பும் வழியில் வந்தார். நான் ஸ்பானரை எடுப்பதற்குள், அவர் டாஷ்போர்டிலிருந்து புதுக் காற்று கேஜ் ஒன்றை எடுத்து வந்து பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.