இலை மஞ்சளானதும் உரப்பையைத் தேடாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகையில் மழை நாலு நாள் அடித்து ஓய்ந்தால் போதும், என் போனில் மஞ்சள் இலைப் படங்களாக வந்து குவியும். கடலூரிலும் புதுச்சேரியிலும் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். படத்தோடு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், என்ன உரம் போடட்டும்?" செடியைக் காப்பாற்றத் துடிக்கிற மனசுதான் அப்படிக் கேட்கிறது. ஆனால் நான் பார்த்தவரை, இலை மஞ்சளானதால் செத்த செடிகளைவிட, மஞ்சளைப் பார்த்துப் பதறி ஊற்றியதால் செத்த செடிகள் அதிகம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்கடுத்த வாரம் முத்தியால்பேட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டு மாடிக்குப் போனேன். குரோ பேக்கில் ஆறு மிளகாய்ச் செடிகள். அடியிலிருந்து நுனிவரை வெளிறி, இலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. "கடலைப் புண்ணாக்குத் தண்ணி ஊத்தினேன், பஞ்சகவ்யா அடிச்சேன், நேத்து கொஞ்சம் டிஏபி உரமும் போட்டேன் சார், கேக்கவே மாட்டேங்குது" என்றார்.

"அம்மா, முதல்ல பையைத் தூக்குங்க" என்றேன்.

இருவரும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது, அவ்வளவு கனம். பையின் துளைகள் தளத்தோடு ஒட்டி, அடைத்துக் கிடந்தன. தூக்கியதும் கறுப்பாகத் தண்ணீர் வழிந்தது, சாக்கடை நாற்றம். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தோம். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாக இருந்தது. விரலால் லேசாக இழுத்தேன். மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்தது, நடுவில் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. அதுதான் வேரழுகல்.

வேரும் மூச்சுவிட வேண்டும். மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால், சத்து பக்கத்திலேயே இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. மூச்சுத் திணறுகிறவருக்குச் சோறு ஊட்டுகிற மாதிரிதான், அந்த நேரத்தில் உரம் போடுவது. மிச்சமிருந்த ஐந்து பைகளையும் செங்கல் மேல் ஏற்றினோம், பக்கவாட்டில் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே துளை போட்டோம், பத்து நாள் எதுவும் ஊற்றவில்லை. மூன்று செடிகள் துளிர்த்தன. இரண்டு போய்விட்டன. ஒரு வாரம் முன்னால் பையைத் தூக்கிப் பார்த்திருந்தால் அவையும் பிழைத்திருக்கும் என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அதனால் முதல் வேலை விரலை விடுவது. மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம். சேறாக ஒட்டினால் ஊற்றுவதை நிறுத்துங்கள். மேலே காய்ந்து அடியில் ஈரமாக இருப்பது கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவையில் ரொம்ப சகஜம். மேல்பக்கத்தைப் பார்த்துத் தண்ணீர் விடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஈரம் சரியாக இருக்கிறதா? அப்புறம், மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் செடி தன் பழைய இலையிலிருந்து சத்தை உருவிப் புதுத் துளிருக்குக் கொடுக்கும். அதனால் அடியிலைகள் ஒரே சீராக மஞ்சளாகும். மழை தழைச்சத்தைக் கரைத்துக்கொண்டு போன பிறகு, வடிகால் நன்றாக உள்ள பைகளில் இதைப் பார்க்கலாம். இதற்குத்தான் கடலைப் புண்ணாக்கு: ஒரு கைப்பிடி மூன்று நாள் ஊறட்டும், தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். அடியிலையிலேயே நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் மெக்னீசியக் குறை. தக்காளியில் காய் பிடித்த பிறகு அடியில் ஓரிரண்டு இலை பழுப்பது வயசு. அதைக் கிள்ளிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

துளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. கறிவேப்பிலையிலும் செம்பருத்தியிலும் அடிக்கடி வரும். பலசமயம் மண்ணில் இரும்பு இருக்கும். உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்றி மண் காரமாகிவிட்டதால் வேரால் எடுக்க முடிவதில்லை. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றச் சொல்லும் பாட்டிமார்களின் யோசனையில் நியாயம் உண்டு, புளிப்பு அந்தக் காரத்தைக் கொஞ்சம் தணிக்கிறது. சீக்கிரம் தேற வேண்டுமென்றால் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியோடு (இரும்பு சல்பேட்) கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து, வெயில் இறங்கியபின் இலைமேல் தெளியுங்கள்.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய. நல்ல எண்ணம்தான். ஆனால் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. மெஷின் பாதித் தண்ணீரைச் சுத்தமாக்கி மீதியை வெளியே விட்டால், அந்த மீதியில் உப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு. தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு மாடியில் மண்தொட்டிகளின் வெளிப்புறம் முழுக்க வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. ரோஜா இலைகளின் விளிம்பு மஞ்சளாகி, கருகிச் சுருண்டிருந்தது. அந்தத் தண்ணீரில் தரை கழுவுங்கள், செடிக்கு வேண்டாம். ஏற்கெனவே ஊற்றியிருந்தால், பிடித்து வைத்த மழைநீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு மெதுவாக ஊற்றி, அடியில் வடியவிட்டு உப்பைக் கழுவுங்கள்.

கத்திரி வெயிலில் வரும் மஞ்சள் வேறு. இலையில் ஊசி குத்திய மாதிரி நுண்ணிய புள்ளிகள் இருந்தால், ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசு நகர்ந்தால் அது சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி, மாலையில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு அடிக்கலாம்.

வெண்டையில் நரம்பே வலைபோல மஞ்சளாகி, காயும் வெளிறினால் அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல். வைரஸ், மருந்து கிடையாது. பூ விட்டிருந்தாலும், எத்தனை ஆசையாக வளர்த்திருந்தாலும், அன்றே பிடுங்கிவிடுங்கள். பக்கத்துப் பையில் இருப்பதாவது தப்பும்.

இத்தனை பார்த்தும் பிடிபடவில்லையென்றால் யாரிடமாவது காட்டுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குருமாம்பேட்டிலும் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு விருத்தாசலத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. எனக்கு அனுப்புகிறவர்கள் மஞ்சள் இலையை மட்டும் எடுத்து அனுப்பாதீர்கள். முழுச் செடி ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று, தூக்கிப் பிடித்த பையின் அடிப்பாகம் ஒன்று. எந்தத் தண்ணீர், கடைசியாக என்றைக்கு ஊற்றினீர்கள், இவை இரண்டையும் எழுதுங்கள். பதில் வரும்வரை எதுவும் ஊற்றாமல் இருங்கள்.