நாய்க்குட்டியின் மூக்கைத் தேய்க்காதீர்கள், முதலில் வயிற்றைப் பாருங்கள்

நான் மிருக வைத்தியர். வீட்டுக்குள் மலம் கழிக்கிறது என்று அடிபட்டு, வயிற்றோட்டத்தோடு என்னிடம் வரும் குட்டிகளில் இந்தக் கிழமையில் மட்டும் இது 4ஆவது. இதையும் எழுதாமல் விட்டால் 5ஆவதும் வரும் என்றுதான் எழுதுகிறேன்.

கண்டியில் வாங்கி, பஸ்ஸில் பழக்கூடைக்குள் வைத்து மட்டக்களப்புக்குக் கொண்டுவந்த லாப்ரடோர் கலப்புக் குட்டி. வயது 9 கிழமை. வீட்டுக்கு வந்த 6ஆம் நாள் என் மேசைக்கு வந்தது. கூட வந்தவர்கள் அப்பாவும் மகனும். "டொக்டர், இவனுக்குப் புத்தியே வருதில்ல. வீடு முழுக்கப் பேண்டு வைக்கிறான். அடிச்சும் பார்த்தாச்சு, மூக்கைப் பிடிச்சு அதிலேயே தேய்ச்சும் பார்த்தாச்சு" என்றார் அப்பா. குட்டியைத் தூக்கிப் பார்த்தேன். வாலுக்குக் கீழே நனைந்து, சிவந்து, மயிர் ஒட்டிப்போயிருந்தது. மூக்கு நுனியிலும் தோல் உரிந்திருந்தது. அது எப்படி உரிந்தது என்று நான் கேட்கவில்லை. மகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். விற்றவர் வீட்டில் ஏதோ பைக்கற்று உணவு. என்ன உணவு என்று கேட்டுவர மறந்துவிட்டார்கள். குட்டிதானே என்று முதல் நாள் பால்மா கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். 2ஆம் நாள் சோறும் மீன் குழம்பும். 3ஆம் நாள் வயிறு கழிந்ததும், மாமி சொன்னாவாம், வயிறு குளிரட்டும் என்று எருமைத் தயிர். 4ஆம் நாள் கடையில் கிலோக் கணக்கில் நிறுத்துத் தரும் வேறொரு நாய்ச் சாப்பாடு. 5ஆம் நாள் பட்டினி. 6ஆம் நாள் என்னிடம். இப்படிச் சாப்பிட்டால் எனக்கே வயிற்றால் போகும்.

சரி. வயிறு கழியும் குட்டியை வெளியே போகப் பழக்க முடியாது. பழக்கம் என்று நாம் சொல்வதே கதவு திறக்கும்வரை அடக்கிக்கொள்வதைத்தானே? அதற்குக் குடலில் ஏதாவது நிற்க வேண்டும். பெருங்குடல் புண்பட்டிருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, சளி கலந்து, முக்கி முக்கிப் போகும். வந்தால் வந்ததுதான். கதவுக்கு 12 அடி இருந்தால் 3ஆவது அடியிலேயே காரியம் முடிந்துவிடும். சுகமாக இருக்கிற 2 மாதக் குட்டியே பகலில் 2 மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. ஒரு நாளைக்கு 4, 5 தடவை மலம் போவதும் அந்த வயதில் சாதாரணம். இதைத் தெரியாமல்தான் பாதிப் பேர் குட்டிக்கு நோய் என்றும் மீதிப் பேர் குட்டிக்குத் திமிர் என்றும் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

இனி அந்த மூக்குத் தேய்க்கும் விஷயம். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

நாய்க்குட்டி ஒரு செயலையும் அதன் பலனையும் சேர்த்துப் பார்ப்பது ஓரிரு செக்கன் இடைவெளிக்குள்தான். நீங்கள் குசினியில் வேலை முடித்து வந்து, நாற்றம் பிடித்து, இடத்தைக் கண்டுபிடித்து, குட்டியைத் தேடி இழுத்துவரும்போது 20 நிமிடம் போயிருக்கும். அந்த 20 நிமிடத்தில் அது ஒரு தூக்கம் போட்டு எழும்பியிருக்கும். "நான் அப்போது அங்கே இருந்ததற்கு இப்போது இந்த அடி" என்று கணக்குப் போடும் மூளை அதற்கு இல்லை. அது படிப்பது வேறொன்று. நிலத்தில் மலம் கிடக்கிறது, அந்த அறையில் மனிதனும் நிற்கிறான் என்றால் ஆபத்து. இதை மட்டும் மிக நன்றாகப் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை மனிதன் இல்லாத இடம் தேடிப் போகும். அலுமாரிக்குப் பின்னால், கட்டிலுக்குக் கீழே, செற்றி இடுக்கில். நீங்கள் கயிற்றில் கட்டி வளவுக்குக் கொண்டுபோய் அரை மணித்தியாலம் நின்றாலும் போகாது. நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்களே, எப்படிப் போகும்? உள்ளே வந்து, உங்கள் கண் மறைந்ததும் போகும். உடனே "வேணுமெண்டே செய்றான் டொக்டர்" என்பீர்கள். அப்படிச் செய்யச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

"இல்லை டொக்டர், அவனுக்குத் தெரியும். என்னைக் கண்டதும் காதைத் தாழ்த்திக்கொண்டு கள்ளன் மாதிரி முழிக்கிறான்." இதைக் கேட்காத நாள் இல்லை. அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார். தொடக்கூடாது என்று சொல்லி வைத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதை, உண்மையும் பொய்யும் கலந்து உரிமையாளர்களிடம் சொன்னார். அந்தக் கள்ள முழி தின்ற நாய்களிடம் கூடுதலாக இருக்கவில்லை. ஏச்சு வாங்கிய நாய்களிடம்தான் இருந்தது. ஒரு குற்றமும் செய்யாமல் ஏச்சு வாங்கியவை இன்னும் கூடுதலாக முழித்தன. உங்கள் குட்டி காட்டுவது பயம். உங்கள் முகத்தையும் குரலையும் படித்துவிட்டு, அடி வருமுன் பணிந்து போகிறது. இன்னொன்றும் உண்டு. பயம் குடலையும் கலக்கும். பரீட்சை நாள் காலையில் உங்கள் வயிறு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். வயிற்றோட்டத்தோடு இருக்கும் குட்டியை அடிப்பது அந்த வயிற்றோட்டத்துக்கே தீனி போடுவது போல.

"எங்கட வீட்டில அந்தக் காலத்தில் நாய் வளர்த்தோம், யார் பழக்கினது?" என்று அம்மம்மாமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த நாய் வீட்டுக்குள் வந்ததே இல்லையே! நம் ஊர்க் குட்டி வேலியோரம் சாக்கில் பிறந்து, கண் திறந்த சில நாளிலேயே மணலுக்குத் தவழ்ந்துபோய்விடும். குட்டிகள் முதல் 2 மாதத்துக்குள் எந்தத் தரையில் மலம் கழித்துப் பழகுகிறதோ, அதே தரையைத்தான் பிறகும் தேடும். நமக்கு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை முழுக்க மணல் வளவு, பிரச்சினையே இல்லை. கூட்டுக்குள் சீமெந்திலும் மாபிளிலும் பிறந்து வளர்ந்து வாங்கப்படும் குட்டிக்கு உங்கள் பளபளக்கும் வரவேற்பறைதான் கக்கூஸ். மணலைக் கண்டால் அது விளையாட்டு இடம் என்று நினைக்கும். அதை மாற்றலாம், கொஞ்ச நாள் எடுக்கும். ஆனால் வயிறு சரியாக வேண்டும் முதலில்.

வயிற்றுக்கு வருவோம். பால்மா வேண்டாம். தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பாலில் உள்ள சீனியைச் செரிக்கும் சக்தி குறைந்துகொண்டே போகும், செரிக்காதது தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியே வரும். தயிரில் அந்தச் சீனி குறைவு, உண்மைதான். ஆனால் எருமைப் பாலில் கொழுப்பு பசுப்பாலைவிட ஏறக்குறைய இரட்டிப்பு. புண்பட்ட குடலுக்கு அது தேவையா? தேங்காய்ப்பால் சொதியும் அப்படித்தான். குழம்பில் வெங்காயமும் உள்ளியும் கிடக்கின்றன, அவை நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. குழம்பு மீனைக் கழுவிக் கொடுத்தாலும் அந்தச் சாறு போகாது.

தோல் நீக்கிய கோழியை உப்புப் போடாமல் அவித்து, ஒரு பங்கு கோழிக்கு இரண்டு பங்கு நன்றாகக் குழைந்த வெள்ளைச் சோறு. சிறிது சிறிதாக ஒரு நாளைக்கு 5 தடவை. 2, 3 நாளில் மலம் கட்டியாகும். அதற்குப் பிறகு நிரந்தரச் சாப்பாட்டை கால் பங்கில் தொடங்கி, அரை, முக்கால் என்று கூட்டி 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள். நடுவில் இளகினால் ஒரு படி பின்னுக்குப் போங்கள். கோழிச் சோற்றையே மாதக் கணக்கில் கொடுத்துவிட வேண்டாம், வளரும் எலும்புக்கு அது போதாது. வாங்கும்போதே பழைய சாப்பாட்டில் ஒரு கிலோ கேட்டு வாங்கி வந்திருந்தால் இவ்வளவு கதையும் இல்லை.

பட்டினி போடாதீர்கள். பெரிய நாய்க்குச் சொல்வதைக் குட்டிக்குச் செய்யக்கூடாது, இரத்தத்தில் சீனி இறங்கிச் சுருண்டுவிடும். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நக்கக் கொடுக்கலாம். மனிதருக்கு வயிற்றோட்டம் நிறுத்தும் குளிசையைப் பாமசியில் கேட்டு வாங்கிப் பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள். தயவுசெய்து.

சாப்பாடு மாறியதால்தான் என்று நீங்களே முடிவுகட்டிவிடவும் வேண்டாம். போன மாரியில் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. 3 நாளாக வயிற்றோட்டம், சத்தி. "சாப்பாடு மாத்தினது டொக்டர், சரியாகும் எண்டு பார்த்தம்." குட்டியின் மலத்தில் இரத்தம். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்த எந்த மிருக வைத்தியருக்கும் மறக்காது. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். சேலைன் ஏற்றினோம். இரவு தாண்டவில்லை. தடுப்பூசி ஒன்றுகூடப் போட்டிருக்கவில்லை. 6 முதல் 8 கிழமையில் தொடங்கி, 3, 4 கிழமைக்கு ஒருமுறையாக 16 கிழமை வரை போட வேண்டிய ஊசி அது. ஆகவே மலத்தில் இரத்தம் கண்டால், சத்தி சேர்ந்தால், சாப்பாட்டை முகராமல் சுருண்டு கிடந்தால், முரசு (பல் ஈறு) வெளிறினால் அன்றைக்கே கொண்டுவாருங்கள். சுறுசுறுப்பாக ஓடித் திரிந்து வயிறு மட்டும் இளகினால் ஒரு நாள் பார்க்கலாம், அதற்கு மேல் இல்லை.

முரசு வெளிறுவது பெரும்பாலும் கொக்கிப்புழு. தாய்ப்பாலோடு குட்டிக்குப் போவது. நம் நாட்டின் பெயரையே வைத்திருக்கும் ஒரு கொக்கிப்புழுவும் உண்டு, அன்சைலொஸ்டோமா சிலானிக்கம். நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். பெருமைப்பட ஒன்றுமில்லை. வளவு மணலில் பிள்ளைகள் செருப்பில்லாமல் விளையாடுகிறார்கள் அல்லவா? குட்டியின் மலத்தை அன்றன்றே அள்ளி ஆழமாகப் புதையுங்கள். பூச்சிமருந்து 2 கிழமை வயதிலேயே தொடங்க வேண்டியது. வாங்கும்போது கொடுத்தார்களா என்று கேளுங்கள்.

வயிறு தேறும்வரை வீட்டில் என்ன செய்வது? விழித்திருக்கும்போது மணித்தியாலத்துக்கு ஒருமுறை, தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்ட 10, 15 நிமிடத்தில், இரவில் இரண்டு தடவை. நடத்திக் கூட்டிப்போகாமல் தூக்கிக்கொண்டு போங்கள், வழியில் போய்விடும். எப்போதும் வளவில் ஒரே மூலை. பேசாமல் 5 நிமிடம் நில்லுங்கள். போன அந்தக் கணமே, உள்ளே வந்த பிறகு இல்லை, அந்தக் கணமே மெல்லிய குரலில் பாராட்டுங்கள். பிஸ்கட் கொடுக்காதீர்கள், வயிற்றைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவித்த கோழியில் ஒரு நூல் போதும். சாப்பாட்டை நாள் முழுக்கத் திறந்து வைக்காமல், நேரத்துக்கு வைத்து 15 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். நேரத்துக்கு உள்ளே போவது நேரத்துக்கு வெளியே வரும். ஊசி முடியும்வரை தெருவும் வேண்டாம், கடற்கரையும் வேண்டாம்.

கூட்டில் அடைக்காதீர்கள். சுகமான குட்டிக்குக் கூடு நல்லது, படுக்கும் இடத்தை அழுக்காக்க விரும்பாது. வயிற்றோட்டத்தில் அடைத்தால் தன் மலத்திலேயே படுக்க நேரும். இரண்டு நாள் அப்படிப் படுத்துப் பழகினால் அந்தச் சுத்த உணர்வே போய்விடும், திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. விறாந்தையில் ஒரு மூலையை மறித்துக் கொடுங்கள். மாரியில் வளவு முழுக்கத் தண்ணீர் நின்றால், அகலமான பேசினில் நம் வளவு மணலையே நிரப்பி அந்த மூலையில் வையுங்கள். கடதாசி விரிப்பதைவிட இது நல்லது. மழை விட்டதும் அதே மணலைத் தேடி வெளியே போகும்.

உள்ளே போய்விட்டதா? ஒன்றும் சொல்லாமல் துடையுங்கள். சவர்க்காரத் தூள் தண்ணீரால் நன்றாகக் கழுவி, பிறகு வினாகிரி கலந்த தண்ணீர். அமோனியா கலந்த துடைப்பான் வேண்டாம், அது நாய்க்கு மூத்திர வாடை போலவே இருக்கும், அங்கேயே திரும்ப வரும். பார்வோ என்று தெரிந்தால் மட்டும், கழுவிய பிறகு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் ஊற்றி 10 நிமிடம் விட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துத் துடையுங்கள். டெட்டோலை நம்ப வேண்டாம், அந்தக் கிருமி அதற்கு அசையாது. வினாகிரியையும் பிளீச்சையும் ஒருபோதும் கலக்காதீர்கள், உங்கள் நெஞ்சு கெட்டுவிடும்.

அந்தக் கண்டிக் குட்டி, வீட்டுக்கு வந்த 8ஆம் நாள் என்னிடம் திரும்ப வந்தது. மலம் கட்டி, வாலடி காய்ந்திருந்தது. வயிறு தேறிவிட்டது, பயம் இன்னும் போகவில்லை. அப்பா கையை உயர்த்திக் கண்ணாடியைச் சரிசெய்ததும் மேசையில் ஒடுங்கியது. மகன் கையில் மட்டும் வாலாட்டியது. வெளியே கொண்டுபோகும் பொறுப்பை அவனிடமே கொடுத்தேன்.

கடைசியாக ஒன்று. என்னிடம் வரும்போது அன்று காலையில் போன மலத்தைக் கொஞ்சம் கொண்டுவாருங்கள், புழு முட்டை பார்க்க வேண்டும். மூடியுள்ள சின்னப் போத்தலிலோ கழுவிய யோகட் கப்பிலோ போதும். சாப்பாட்டுப் பையின் லேபலைப் படம் எடுத்து வாருங்கள். சோறு சுற்றும் லன்ச் சீற்றில் மட்டும் சுற்றிக் கொண்டுவராதீர்கள். போன மாதம் ஒருவர் அப்படித்தான் கொண்டுவந்து, என் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சொல்லாமல் வெளியே போய்விட்டார்.