முட்டையைச் செறிவூட்ட முடியாது

‘வைட்டமின் டி செறிவூட்டப்பட்ட முட்டை’ என்று விளம்பரத்திலும் செய்தித் தலைப்பிலும் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் ஓயாமல் வருகிறது. ரேஷன் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசி வாங்கிப் பழகியவர் இதைப் படித்தால், அரிசியில் கலந்த மாதிரி முட்டையிலும் எதையோ கலந்திருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஓடு உடையாத முட்டைக்குள் எப்படிக் கலந்தார்கள், ஊசி போட்டார்களா என்று அடுத்துக் கேட்பார். அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளக் கூடாது, சொல்தான் அவரை அங்கே இழுத்துப் போகிறது. உண்மையில் முட்டையை யாரும் தொடவில்லை. கோழித் தீவனத்தில் டி3 (வைட்டமின் டியின் ஒரு வடிவம்) கூடுதலாகப் போனது. கோழி அதைத் தன் உடலில் வாங்கி, ஒரு பங்கை மஞ்சள் கருவில் வைத்தது.

ஆங்கிலத்தில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. ஃபோர்ட்டிஃபிகேஷன் லத்தீனின் ‘ஃபோர்ட்டிஸ்’ (வலிய) என்பதிலிருந்து வந்தது. கோட்டை கட்டுவதற்கும் அதுவே சொல். என்ரிச்மென்ட் என்பது வளமாக்கல். பயோஃபோர்ட்டிஃபிகேஷன் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பயிர்களுக்காக உருவானது. வைட்டமின் என்ற சொல்லுக்கு வழி காட்டியவர் 1912-இல் காசிமிர் ஃபங்க். தமிழில் உயிர்ச்சத்து என்றும் சொல்கிறோம், இலங்கையில் விற்றமின் என்று எழுதுகிறார்கள். இவற்றில் எனக்கு வழக்கில்லை.

வழக்கு ‘செறிவூட்டல்’ மீது. செறி என்றால் நெருங்கு, அடர். வேதியியலில் செறிவு என்பது ஒரு கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதன் அளவு. அணுவியலில் செறிவூட்டிய யுரேனியம் என்கிறோம், அங்கே சொல் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. இயற்கை யுரேனியத்தில் 0.7 விழுக்காடு மட்டுமே உள்ள 235 என்ற ஐசோடோப்பை, மற்றதை விலக்கி விலக்கி, அணு உலைக்கு 3 முதல் 5 விழுக்காடு வரை உயர்த்துகிறார்கள். வெளியிலிருந்து எதுவும் சேர்வதில்லை. உள்ளே இருப்பதே அடர்கிறது. செறிவு என்றால் அதுதான்.

ரேஷன் அரிசியில் நடப்பது வேறு. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்த மாவை அரிசி வடிவில் பிழிந்தெடுத்து, அந்தச் செயற்கை மணியை 100 பங்கு அரிசிக்கு 1 பங்கு வீதம் கலக்கிறார்கள். எதுவும் செறியவில்லை, சேர்ந்திருக்கிறது. ‘சத்துச் சேர்த்த அரிசி’ என்று நேராகச் சொல்லியிருந்தால், சோற்றில் மிதக்கும் மணியைப் பார்த்துப் பிளாஸ்டிக் அரிசி என்று மிரண்ட மக்களுக்குப் பாதி விளக்கம் பெயரிலேயே கிடைத்திருக்கும்.

பாலில் இன்னொரு நுட்பம். கொழுப்பை எடுக்கும்போது அதில் கரைந்திருக்கும் ஏ, டி வைட்டமின்களும் கூடவே போய்விடுகின்றன. அந்த இழப்பையும் ஈடுகட்டத்தான் சமன்படுத்திய பாலில் அவற்றை மறுபடி சேர்க்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிப்படி லிட்டருக்கு வைட்டமின் ஏ 270 முதல் 450 மைக்ரோகிராம், டி 5 முதல் 7.5 மைக்ரோகிராம். எடுத்ததைத் திருப்பி வைப்பதில் செறிவு எங்கே இருக்கிறது?

அடுத்து, சொல்லின் பின்பாதி. ஊட்டு என்பது உண் என்பதன் பிறவினை. காண், காட்டு என்பதுபோல. சாயம் ஊட்டுவது, உணர்வூட்டுவது என்று அது விரிந்தது பழைய வழக்கு, அதில் குறையில்லை. ஆனால் உணவைப் பற்றிப் பேசும் இடத்தில் ஊட்டு என்றதும் காது உண்பவரைத் தேடும். அரிசி உண்பதில்லை, பால் பாக்கெட் உண்பதில்லை, கோழியும் மாடும் உண்கின்றன. ஊட்டல் என்ற சொல்லுக்கு உரிமையுள்ள ஒரே இடத்தில், யாருக்கு ஊட்டினோம் என்பதை மறைத்துவிட்டு, முட்டைக்கே ஊட்டியதாக எழுதுகிறோம்.

‘வலுவூட்டல்’ இதைவிட மோசம். ஃபோர்ட்டிஸ் என்பதை அகராதியில் பார்த்து அப்படியே இறக்கியது. வலுவூட்டல் ஏற்கெனவே கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு உரிய சொல். அதை நாமக்கல் பண்ணையாளரிடம் கொண்டுபோய் ‘வலுவூட்டிய முட்டை’ என்று சொல்லுங்கள். ஓடு கெட்டியான முட்டை என்று புரிந்துகொண்டு, கிளிஞ்சல் எவ்வளவு, சுண்ணாம்புக்கல் எவ்வளவு என்று கேட்பார். இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், அந்தப் புரிதலுக்கும் வைட்டமின் டிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. டி குறைந்தால் கோழி கால்சியத்தை ஈர்க்காது, ஓடு மெலியும். ஓட்டுக்காக டி கொடுப்பது ஒன்று, சாப்பிடுபவருக்காக மஞ்சள் கருவில் டியை உயர்த்துவது வேறொன்று. முன்னதற்குப் போதுமான அளவு பின்னதற்குப் போதாது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டிய சொல்லே குழப்பி வைத்தால் அந்தச் சொல் எதற்கு?

‘உயிர்வலுவூட்டல்’, ‘உயிரிச்செறிவூட்டல்’ ஆகியவை வலுவுக்கும் செறிவுக்கும் முன்னால் பயோ என்பதை உயிர் என்று ஒட்டியவை. வைட்டமின் நமக்கு உயிர்ச்சத்து. ஆக ‘உயிர்ச்சத்து உயிர்வலுவூட்டிய முட்டை’ என்று ஒரு தொடர் பிறக்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் எழுதியவரே விட்டுவிடுவார். மேலும், பயிரில் அந்தச் சொல் பெரும்பாலும் விதையை, பயிர் இன மேம்பாட்டைக் குறிக்கிறது. ஆரஞ்சுச் சதைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கை நட்டால் ஒவ்வொரு அறுவடையிலும் பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏயாக மாறும் நிறமி) வரும். கோழியில் அப்படி இல்லை. தீவனத்தை மாற்றினால் இரண்டு மூன்று வாரத்தில் முட்டை பழையபடி ஆகிவிடும். மஞ்சள் கரு வேகமாக வளர்வது முட்டையிடுவதற்கு முந்தைய 10 நாள் அளவில்தான். கூடுவதும் அந்தக் கணக்கில், குறைவதும் அந்தக் கணக்கில்.

பாதையைச் சொல்லும் பெயர் ஏன் வேண்டும் என்றால், விலங்கின் உடல் வெறும் குழாய் அல்ல. எதை விடுவது, எவ்வளவு விடுவது என்று அதுவே முடிவு செய்கிறது. டி, ஈ, பி12, லூட்டின் என்ற மஞ்சள் நிறமி ஆகியவை தீவனத்தைப் பின்பற்றி முட்டையில் ஏறும். ஃபோலேட் ஓரளவு ஏறி நின்றுவிடும், அதற்கு மேல் கொட்டுவது செலவு. வைட்டமின் சி ஏறவே ஏறாது. கோழி தனக்கு வேண்டிய சியைத் தானே செய்துகொள்கிறது, முட்டைக்குள் வளரும் குஞ்சும் அப்படியே. முட்டையில் சி கிடையாது. தீவனத்தில் வைட்டமின் ஏயை மிகுதியாக்கினால் வைட்டமின் ஈயும் கரோட்டினாய்டு நிறமிகளும் மஞ்சள் கருவில் குறையும். துலுக்கச் சாமந்திச் சாறு கலந்த தீவனத்தால் கரு ஆழ்ந்த மஞ்சளாகும், ஆனால் அந்த லூட்டின் உடலில் வைட்டமின் ஏயாக மாறாது. நிறத்தைப் பார்த்து ‘ஏ செறிந்த முட்டை’ என்று எழுதுவது பிழை.

கலப்பதிலும் தவறலாம். முட்டைக்கோழி நாளுக்கு 110 கிராம் அளவில்தான் தின்னும். அந்த 110 கிராமிலும் மைக்ரோகிராம் கணக்கில் டி இருந்தாக வேண்டும். முன்கலவையை (வைட்டமின்களை முன்கூட்டியே கலந்து வைத்த பொடி) நேராக ஒரு டன் தீவனத்தில் கொட்டினால் சீராகப் பரவாது. முதலில் சில கிலோ மக்காச்சோள மாவில், பிறகு 50 கிலோவில், அதன்பின் கலவை இயந்திரத்தில் என்று படிப்படியாகப் போக வேண்டும். கோலின் குளோரைடையும் தாது உப்புகளையும் வைட்டமினோடு ஒரே பையில் வைத்தால் ஈரம் இழுத்து வைட்டமின் சிதையும். ‘செறிவூட்டப்பட்டது’ என்று அச்சடித்த பெட்டிக்குள் சாதாரண முட்டை இருப்பதற்கு இதுவே போதும்.

மாட்டில் கதை இன்னும் தெளிவு. பி12-ஐ வாய்வழி கொடுத்தால் அசையூண் இரைப்பையில் (மாட்டின் முதல் இரைப்பை) பெரும்பகுதி அழிந்துவிடும். கொடுக்க வேண்டியது கோபால்ட் என்ற தாது. ஆஸ்திரேலியக் கடற்கரை மேய்ச்சலில் ஆடுகள் மெலிந்து செத்ததற்குக் காரணம் கோபால்ட் பற்றாக்குறை என்று 1935 வாக்கில் கண்டார்கள். பி12-ஐப் பிரித்தெடுத்தது 1948-இல்; அதன் நடுவில் கோபால்ட் அணு இருப்பது அப்போதுதான் விளங்கியது. கோபால்ட் கிடைத்தால் இரைப்பை நுண்ணுயிரிகள் பி12 செய்யும், அது ஈரலிலும் பாலிலும் சேரும். ஊட்டியது ஒன்று, ஏறியது வேறொன்று. இதை ‘பி12 செறிவூட்டல்’ என்றால் யார் எதை எங்கே போட்டார்கள்?

அமெரிக்கப் பால் வணிகத்தில் இந்தப் பிரிவு பழையது. 1924-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஸ்டீன்பாக், புற ஊதாக் கதிர் பட்ட உணவு ரிக்கெட்ஸை (எலும்பு மெலிந்து வளையும் நோய்) தடுக்கும் என்று காட்டினார். 1930-களில் அங்கே டி கூட்டிய பால் மூன்று வகையாக விற்றது: கதிர் காட்டிய பால், கதிர் காட்டிய ஈஸ்ட்டைத் தின்ற மாட்டின் பால், டி கலந்த பால். மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தது.

தமிழிலும் அப்படியே வைக்கலாம். ஆலையில் கலந்தால் ‘சேர்த்த’. இழந்ததைத் திருப்பினால் ‘மீளச் சேர்த்த’. விலங்குக்குக் கொடுத்து உயர்த்தினால் ‘தீவனவழி ஏற்றிய’. பொதுப்பெயர் வேண்டுமென்றால் தீவனவழிச் சத்தேற்றம். ‘யூரியா ஊட்டமேற்றிய வைக்கோல்’ என்று கால்நடை மருத்துவர்கள் எழுதி எழுதி ஏற்றல் என்பது கொட்டகை வரைக்கும் பழகிய சொல். நீளம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். செறிவூட்டப்பட்ட என்பதில் ஒன்பது எழுத்து, தீவனவழி ஏற்றிய என்பதிலும் அதே ஒன்பதுதான்.

மொழிபெயர்ப்பவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. சொல்லைப் பார்க்கிறார்கள், செயலைப் பார்ப்பதில்லை. தீவன ஆலையில் ஒருமுறை கேட்டால் ‘முன்கலவை’, ‘அடர்தீவனம்’ எல்லாம் கையில் கிடைக்கும். கேட்காததால்தான் ‘செறிவூட்டிய தீவனம்’ என்று எழுதி, வைட்டமின் கூட்டிய தீவனத்தையும் புண்ணாக்கும் தவிடும் சேர்ந்த அடர்தீவனத்தையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அதைப் படித்து மாடு வைத்திருப்பவர் வாங்குவது எதுவாக இருக்கும்?

இன்னொரு வகை மட்டும் பாக்கி. கொட்டகையில் புற ஊதா பி விளக்கு வைத்தால், இறகில்லாத கால் தோலில் கோழியே டி செய்துகொள்ளும். முட்டையிலும் அது ஏறும். தீவனம் மாறவில்லை, ஆகவே தீவனவழி என்பது இதற்குப் பொருந்தாது. ‘ஒளிவழி டி ஏற்றிய முட்டை’ என்று எழுதி, பக்கத்திலேயே ஒரு முட்டைக்கு எத்தனை மைக்ரோகிராம் என்ற எண்ணையும் அச்சிட வேண்டும்.